லிங்கேஸ்வரனுக்குப் பிடிச்ச பிராந்தி

நல்லாத்தான் இருந்தான் நயினார். அந்த வீடியோவப் பாக்குற வரைக்கும் நல்லாத்தான் இருந்தான்.

குற்றாலத்துல ஐந்தருவிக்குப் போற ரோட்டுல இருக்கிற ஒரு பெரிய ஓட்டல்ல அவனுக்கு பார் கேப்டன் வேலை. கருப்புக் கோட்டு, கழுத்துல பட்டாம்பூச்சி டை, மாட்டிட்டு நின்னா கல்யாண மாப்பிள்ளை தோத்துப் போவான். சீசனுக்கு வர்ற பணக்காரங்ககிட்ட, "சார், இந்த வைன் மொதல்ல மூக்குக்கு, அப்புறந்தான் நாக்குக்கு. ஒரு வாய் வச்சுட்டு கொஞ்சம் பேசாம இருங்க, உள்ள போயி அதுவே பேசும்" அப்படின்னு சொல்லுவான் பாருங்க, மோர் குடிக்க வந்தவன்கூட ஒரு கிளாஸ் ஆர்டர் பண்ணிருவான். வாய் அப்படி. அந்த வாயை ஓட்டல்லயே கழட்டி மாட்டிட்டுத்தான் மேலகரத்து வீட்டுக்கு வருவாகன்னு அவன் பெஞ்சாதி ஜெயபிரியா சொல்லுவா. இவன் அதைக் கேலின்னு நெனைச்சுச் சிரிச்சுக்கிடுவான். மடையன்.

அன்னைக்கு ஓட்டல் ரிசப்ஷன்ல இருக்கிற ஹுஸைஃபா போனத் தூக்கிட்டு ஓடியாந்தான். "அண்ணாச்சி, செஃப் லிங்கேஷ் பேட்டி பாத்தீங்களா? சாரல் விழா விருந்துக்கு நம்ம ஓட்டலுக்குத்தான் வாராரு. என்ன குடிப்பாருன்னு எல்லாம் அவரே சொல்லுதாரு. பாத்து வையுங்க, உங்களுக்குத்தான் உதவும்."

செஃப் லிங்கேஷ்னு உலகம் சொல்லுது. டிவி சமையல் போட்டியில நடுவரா உக்காந்து, ஒரு கரண்டி வாயில வச்சதும் கண்ண மூடிக்கிடுவாரே, என்ன சொல்லப் போறாரோன்னு போட்டிக்கு வந்த பிள்ளைக அழுதுருமே, அவருதான். நயினாருக்கு அவன் வடகரை லிங்கேஸ்வரன். ஜெயபிரியாவோட சொந்த அத்தை மகன். சின்னப் பிள்ளையிலயே இவளுக்கு அவன்னு பேசி வச்சிருந்தாக. அவன் ஓட்டல் படிப்புப் படிச்சு, துபாய்க்குப் போயி, கல்யாணம் காட்சியெல்லாம் எனக்கு வேண்டாம்னு அங்கன இருந்தே போன்ல சொல்லிட்டான். அதுக்கப்புறந்தான் நயினார் வீட்டுல இருந்து பொண்ணு கேட்டுப் போனாக. முறைமாப்பிள்ளை வேண்டாம்னு எந்திரிச்சுப் போன நாற்காலியில வந்து உக்காந்தவன் நான்னு ஒரு முள்ளு இவனுக்குள்ள எப்பவும் உண்டு. குத்தாது. ஆனா இருக்கும்.

பேட்டியில அவன் சட்டைக் கைய மடிச்சு விட்டுக்கிட்டு சோபாவுல சாஞ்சு உக்காந்திருந்தான். பேட்டி எடுக்கிற பொண்ணு கேக்கக் கேக்க அளந்து விடுதான். ரெட் வைன் நம்ம காரத்துக்கு ஒத்து வராது, நாக்குல சண்டை போடும், வெள்ளை வைன்தான் நெத்திலி வறுவலுக்குச் சரியான ஜோடி. ஜின்னுக்கு எல்லாரும் எலுமிச்சை போடுவாங்க, நான் நார்த்தங்காத் தோலைக் கிள்ளிப் போடுவேன். விஸ்கின்னா ஸ்காட்லாந்துல தீவுப் பக்கத்துச் சரக்கு, வாயில வச்சா எங்க ஊரு அடுப்படிப் புகை வாசம் வரும். ஐஸ் போட்டீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்.

'சரியாத்தான் சொல்லுதான் பய'ன்னு நயினாருக்கே தோணுச்சு. தொழில் தெரிஞ்சவன் சொன்னாத் தொழில் தெரிஞ்சவனுக்குப் புரியும்லா. ஆனா புரியப் புரிய எரிச்சலா வந்துச்சு.

கடைசியா அந்தப் பொண்ணு கேட்டா: "உலகம் பூராக் குடிச்சுப் பாத்துட்டீங்க. எல்லாத்துலயும் உங்களுக்குப் பிடிச்சது எது சார்?"

அவன் சிரிக்கல. உள்ளங்கைய விரிச்சுப் பாத்தான். "எங்க ஊர்ல ஒரு வீட்டுல குடிச்ச பிராந்தி. சாதாரணப் பிராந்திதான். ஆனா அதுக்கு முன்னால கருப்பட்டித் தண்ணியில சுக்கு, நல்லமிளகு, ஓமம் எல்லாம் வறுத்து இடிச்ச பொடியப் போட்டுக் கொதிக்க விடுவாங்க. இரும்புக் கரண்டிய அடுப்புல பழுக்கக் காய்ச்சி அதுக்குள்ள முக்கி எடுப்பாங்க. சுர்ருன்னு ஒரு சத்தம் வரும். அதுக்கப்புறந்தான் பிராந்தி. நான் நல்லா நனைஞ்சு போயி நின்னேன். அந்த வீட்டுப் பொண்ணு ஊத்திக் குடுத்தா. யாருன்னு கேக்காதீங்க. அந்த டம்ளர் சூடு இன்னும் என் கையில இருக்கு."

நயினாருக்குக் காதுல புகை வராத குறை. ஹுஸைஃபா, "எப்படிப் பேசுதாரு பாத்தீங்களா"ன்னு வாயப் பொளந்தான். இவன் போனத் திருப்பிக் குடுத்துட்டு, துடைச்ச கிளாஸையே திரும்பத் துடைச்சான்.

பழுக்கக் காய்ச்சின கரண்டி! அந்தச் சத்தம் நயினாருக்குத் தெரியாதா? சாரல் பிடிச்சு அவனுக்கு மூக்கடைச்சா வருஷா வருஷம் அவன் வீட்டு அடுப்படியில கேக்கிற சத்தம் அது. இந்தப் பக்கம் பிள்ளை பெத்தவளுக்குப் பிராந்தி குடுக்கிறது எல்லா வீட்டுலயும் உள்ளதுதான், உடம்பு கெட்டிப்படும்னு. ஆனா அந்தப் பொடி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு கைப்பக்குவம். கரண்டியக் காய்ச்சி முக்குறது அவன் மாமியார் ரெங்கம்மாள் வீட்டுல மட்டுந்தான். பேறுகால வீட்டுல இடிக்கிற மருந்து அது, வந்தவன் போனவனுக்கு யாரும் ஊத்திக் குடுக்க மாட்டாக. அந்த வீட்டுல பொண்ணாப் பொறந்து பிள்ளை பெத்தவ ஒருத்திதான், ஜெயபிரியா. அப்ப யாரு குடுத்தது? எப்பக் குடுத்தது?

கிறுக்குப் பிடிச்ச மனசு ஒண்ணைப் பிடிச்சா விடுமா? பழசை எல்லாம் தோண்டுச்சு. மக சங்கரி பொறந்தப்ப ஜெயபிரியா வடகரையில தாய் வீட்டுல இருந்தா. இவன்தான் தென்காசியில நல்லதாப் பாத்து ஒரு முழுப் பாட்டில் பிராந்தி வாங்கிக் கொண்டு போயி மாமியார் கையில குடுத்தான். அடுத்த தடவை பிள்ளையப் பாக்கப் போனா பாட்டில் காலி. "அதுக்குள்ளயா?"ன்னு கேட்டதுக்கு, "பச்ச உடம்புக்காரி, கண்ண மூடிட்டு ஒரே மடக்குல குடிச்சிருதா"ன்னு மாமியார் பெருமையாச் சொன்னா. இவனும் ஓட்டல்ல எல்லார்கிட்டயும், "எம் பெஞ்சாதி பட்டாளத்துக்காரன் மாதிரி, ஒரு பாட்டில் ஒண்ணுமே செய்யல"ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருக்கான். இப்பத்தான் தெரியுது, யாரு குடிச்சான்னு! நம்ம காசுல, நம்ம பிள்ளை தொட்டில் பக்கத்துல உக்காந்து, அவன் குடிச்சிருக்கான். இவ ஊத்திக் குடுத்திருக்கா. கை சுடுதாம்லா, கை!

அவகிட்ட நேராக் கேட்டிருக்கலாம். கேக்கல. ஆமான்னுட்டா என்ன செய்யன்னு பயம். அதனால சாம்பார்ல உப்பு இல்லன்னான். மறுநாள் உப்பு கூடுதல்னான். சட்டைக்கு ஏன் இஸ்திரி போடலன்னு கத்தினான். சட்டை இஸ்திரி போட்டுத்தான் இருந்துச்சு. ஜெயபிரியா இடுப்புல கைய வச்சிக்கிட்டு, "என்ன வந்துச்சு உங்களுக்கு? சீசன் கூட்டம் உங்க தலையில ஏறிட்டா?"ன்னு கேட்டா. அவ்வளவுதான் கேட்டா.

விருந்துக்கு முந்தின நாள் சோத்தப் போட்டுக்கிட்டே அவளாச் சொன்னா: "லிங்கு அத்தான் உங்க ஓட்டலுக்குத்தான் வாராகளாமே. சங்கரி கிளாஸ் பூராவும் இதே பேச்சாம்."

"அத்தான்"ங்கிற அந்த ஒரு சொல்லு இவனுக்கு மிளகாயக் கண்ணுல தேச்ச மாதிரி இருந்துச்சு. காலங்காலமா அவ அப்படித்தான் கூப்பிடுதா, முறை அது. இருந்தாலும் எரியுது. தலைக்கு ஊத்திப் பூ வச்சிருக்கா. வெள்ளிக்கிழமைன்னா அவ வழக்கமா வைக்கிறதுதான். இவனுக்கு அதுவும் அவனுக்காகன்னு பட்டுச்சு.

"வந்தா வரட்டும்"ன்னான். அப்பந்தான் அவனுக்கு அந்தக் குறுக்குப் புத்தி வந்துச்சு. வேணும்னே ரெண்டு தும்மல் தும்மினான்.

மறுநாள் காலையில கொஞ்சம் இருமவும் செஞ்சான். "ஏட்டி, மூக்கடைக்குது. அந்த மருந்து போட்டுத் தா. பிளாஸ்க்ல ஊத்து, வேலை இடத்துல வச்சுக் குடிச்சுக்கிடுதேன்."

"இங்கனயே சூடாக் குடிச்சிட்டுப் போங்களேன்."

"ட்யூட்டிக்கு நேரமாச்சு. சொன்னதைச் செய்யி."

அவ டப்பாவத் தொறந்தா, பொடிய எடுத்தா. கருப்பட்டி கரைஞ்சு கொதி வந்துச்சு. கரண்டி செவந்துச்சு. சுர்ருன்னு சத்தம் வந்தப்ப நயினார் அவ மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னான், ஏதாவது தெரியுதான்னு. ஒண்ணும் தெரியல. மூஞ்சியில வேர்வைதான் இருந்துச்சு.

விருந்து மத்தியானத்துல. ஓட்டல் முழுக்கக் கூட்டம். லிங்கேஸ்வரன் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கிட்டு எல்லார் மேசைக்கும் போனான், போட்டோவுக்கு நின்னான். ஆளு டிவியில தெரியிறதவிட ஒல்லி. முன்வழுக்கை வேற. அதுல நயினாருக்கு ஒரு சின்னச் சந்தோசம். கூட்டம் கலைஞ்சதும் அவன் பாருக்கு வந்து, சாரல் தெரியிற ஜன்னல் ஓரமா அக்கடான்னு உக்காந்தான். பின்னால அலமாரியில அவனுக்குன்னு மெனக்கெட்டு மதுரையில இருந்து வரவழைச்ச ஸ்காட்லாந்துப் பாட்டில் நிக்குது. அதைப் பாத்துட்டு, "வேண்டாம். ஒரு சோடா போதும் அண்ணாச்சி"ன்னான்.

நயினார் சோடா எடுக்கல. பிளாஸ்க்கைத் தொறந்து ஒரு எவர்சில்வர் டம்ளர்ல பாதி ஊத்தி, தட்டுல வச்சுக் கொண்டு போனான். "சார், இது மெனுவுல இல்லாதது. நீங்க பேட்டியில சொன்னீங்கள்லா."

லிங்கேஸ்வரன் டம்ளரை மூக்குக்கிட்ட கொண்டு போனான். கை அங்கனயே நின்னுட்டு. டிவியில மூடுற மாதிரி கண்ண மூடல. தொறந்தே வச்சிருந்தான். ஒரு வாய் குடிச்சான், இன்னொரு வாய் குடிச்சான். கண்ணு கலங்கிருச்சு.

"இரும்பு வாசம் அப்படியே இருக்கு"ன்னான். "யாரு போட்டது?"

"நான்தான்"னான் நயினார். வெக்கங்கெட்ட பய, கொஞ்சம்கூடக் கூசாமச் சொன்னான்.

"ஏன் அண்ணாச்சி பொய் சொல்லுதீங்க?" லிங்கேஸ்வரன் குரல்ல கோவம் இல்ல. "இது வடகரை ரெங்கம்மாள் அத்தை வீட்டுப் பொடி. நான் எத்தனையோ பெரிய பெரிய ஆளுகளை வச்சுப் போட்டுப் பாத்துட்டேன், இந்தப் பக்குவம் வரல." நயினார் கோட்டுல குத்தியிருந்த பேரு வில்லையப் பாத்தான். "நயினார்... ஜெயா வீட்டுக்காரரா?"

"ஆமா."

"நல்லா இருக்காளா?"

"அவளுக்கென்ன."

லிங்கேஸ்வரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டான். "குடுத்து வச்சவரு அண்ணாச்சி நீங்க. சாரல் விழுந்தா உங்களுக்கு இது வீட்டுலயே கிடைக்குது. உள்ளதைச் சொல்லணும்னா, உங்களைப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு. இன்னும் கொஞ்சம் இருக்கா?"

பிளாஸ்க்ல பாதிக்கு மேல இருந்துச்சு. "தீந்துட்டு"ன்னான் நயினார்.

அவன் போனதும் நயினார் பின்னால போயி மிச்சத்தை எல்லாம் பாத்திரம் கழுவுற தொட்டியில கவுத்தான். உலகமே கொண்டாடுற ஆளு உங்களைப் பாத்தாப் பொறாமைன்னு சொன்னா, வேற எவனா இருந்தாலும் நெஞ்ச நிமித்திக்கிட்டு நடப்பான். இவனுக்கு அது சாட்சி சொன்ன மாதிரி ஆயிட்டு. 'நல்லா இருக்காளா'ன்னு எப்படிக் கேட்டான் பாத்தியா? இன்னைக்குக் கேட்டுருதேன், நாக்கப் பிடுங்கிக்கிடுத மாதிரி நாலு கேள்வி கேட்டுருதேன்னு நெனைச்சுக்கிட்டு, மொதலாளிகிட்டச் சொல்லிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னாலயே பைக்கை வீட்டுக்கு விட்டான். சாரல் மூஞ்சியில அடிச்சுச்சு. உள்ளுக்குள்ள மட்டும் தணியல.

சங்கரி டியூஷனுக்குப் போயிருந்தா. ஜெயபிரியா அடுப்படியில தேங்கா துருவிக்கிட்டு இருந்தா.

"வடகரையில நான் வாங்கிக் குடுத்த பிராந்திய லிங்கேஸ்வரனுக்கு ஊத்திக் குடுத்தியா?"

துருவுறத நிறுத்தாமலே, "ஆமா, குடுத்தேன்"ன்னா.

யோசிச்சு வச்சிருந்த நாலு கேள்வியும் நயினாருக்கு மறந்து போச்சு. "எதுக்கு?"

"நனைஞ்சிட்டு நின்னாக, குடுத்தேன்." அவ தேங்காயக் கீழ வச்சா. "துபாயில வேலை போயி வந்திருந்தாக. எங்க அம்மா, எம் மகளை வேண்டாம்னு சொன்ன பயலை உள்ள விட மாட்டேன்னுட்டா. மழையோ மழை. தொழுவத்து ஓரத்துல நிக்காக, உதடெல்லாம் நடுங்குது, என்னை மன்னிச்சிரு ஜெயான்னு அழுதாக. எனக்கு அழுவுத ஆம்பளையப் பாக்க ஆகாது. அம்மா எனக்குப் போட்டு வச்ச மருந்து கையில இருந்துச்சு. குடிச்சிட்டுக் கெளம்புங்கன்னு குடுத்தேன். கெளம்பிட்டாக."

"ஒரே ஒரு தடவையா?"

"பின்ன? தினமும் வந்து குடிக்க அவுகளா பிள்ளை பெத்தாக?"

"அப்ப பாட்டில் எப்படி காலியாச்சு? நீ குடிச்சியா?"

ஜெயபிரியா அவன ஒரு பார்வை பாத்தா. அப்புறம் சிரிச்சிட்டா. "எனக்கு அந்த நாத்தமே ஆகாது. இன்னைக்கு வரைக்கும் மூச்சப் பிடிச்சுக்கிட்டுத்தான் உங்களுக்குப் போடுதேன். அம்மா திரும்புற நேரம் பாத்து டம்ளரக் கொண்டு போயி தென்னமரத்து அடியில ஊத்திருவேன். அன்னைக்கும் தென்னைக்குத்தான் கொண்டு போனேன். வழியில இவுக நின்னாக, அவ்வளவுதான்."

பட்டாளத்துக்காரன் மாதிரின்னு ஊரெல்லாம் நயினார் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச பாட்டில தென்னமரம் குடிச்சிருக்கு. அந்த மரத்துக்கு ஊத்த வேண்டியதக் குடிச்சவன் இன்னும் கை சுடுதுன்னு பேட்டி குடுக்கான். இத்தனை நாளா இவன் வயிறு எரிஞ்சது ஒரு தென்னமரத்துப் பங்குக்கு. சிரிக்கவா அழவான்னு அவனுக்குத் தெரியல.

"பிளாஸ்க் எங்க? மருந்தக் குடிச்சீயளா?"

"இல்ல. அவனுக்குக் குடுத்தேன். அன்னைக்கு அவன் குடிச்சதும் நீ போடுற இந்தப் பக்குவந்தானான்னு தெரிஞ்சுக்கத்தான்."

"லிங்கு அத்தானுக்கா?" அவ மூஞ்சி மாறுச்சு. "குடிச்சிட்டு என்ன சொன்னாக?"

நயினாருக்குத் திரும்பவும் குபீர்னுச்சு. ஆனா பொய் சொல்ல இப்பத் தெம்பில்ல. "அதே பக்குவம்னான். எவ்வளவோ பேரை வச்சுப் போட்டுப் பாத்தானாம், வரலையாம். நான் குடுத்து வச்சவனாம்."

"வேற?"

"கண்ணு கலங்கிட்டான்."

"வேற என்ன சொன்னாக?"

"ஏட்டி, அவன் சொன்னதக் கேக்க உனக்கு அவ்வளவு ஆசையா?" கத்திட்டான்.

ஜெயபிரியா கத்தல. முந்தானையில கையத் துடைச்சா. "ஆமா, ஆசைதான். தென்னைக்கு ஊத்தினேன், அது அந்த வருஷம் ரெண்டு குலை கூடுதலாத் தள்ளுச்சு. அவுகளுக்கு ஒரு தடவை, போனாப் போகுதுன்னு குடுத்தேன், உலகமெல்லாம் சொல்லுதாக. உங்களுக்கு வருஷா வருஷம், மூச்சப் பிடிச்சுக்கிட்டு, கண்ணெரிய நின்னு போட்டுத் தாரேன். குடிச்சிட்டு டம்ளரக் கவுத்து வச்சிட்டுப் போவீய. ஒரு நாள், ஒரே ஒரு நாள், நல்லாருக்குன்னு சொல்லியிருக்கீயளா? அங்கன எவனோ காய்ச்சின வைனுக்கு மூக்குக்கு ஒண்ணு, நாக்குக்கு ஒண்ணுன்னு கதை சொல்லுதீய. எனக்கு மட்டும் உங்க வாயில ஒண்ணும் கிடையாதா?"

நயினார் நின்ன இடத்துலயே நின்னான். நனைஞ்ச சட்டை முதுகுல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அவன் சொல்லல, ஒரு தடவைகூடச் சொல்லல, அது அவனுக்கே நல்லாத் தெரியும். அதுக்குள்ள தும்மல் வந்துச்சு. இந்தத் தடவை நெசமான தும்மல்.

அவ டப்பாவத் தொறந்தா. பொடியப் போட்டா. கருப்பட்டிய உடைச்சுப் போட்டா. கரண்டிய அடுப்புல வச்சா. அது செவக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் அதையே பாத்துக்கிட்டு நின்னாக. சுர்ருன்னு முக்கும்போது அவ மூச்சப் பிடிக்கிறத நயினார் அன்னைக்குத்தான் மொதத் தடவையாப் பாத்தான். பிராந்திய ஊத்தி டம்ளரை அவன் கையில குடுத்தா. கை சுட்டுச்சு.

"ஏட்டி, நல்லாருக்கு"ன்னான் அவசர அவசரமா.

"இன்னும் வாயிலயே வைக்கலியே"ன்னா ஜெயபிரியா. "மொதல்ல குடிங்க."